சருகுக்கு மாறுதல் உத்தரவு கெடையாது, கண்ணு

ஏங்கண்ணு, வனவர் வேலைக்கு ஆர்டர் வந்திருச்சாமா? உங்கம்மா போன்ல சொன்னா. ஆனை நடமாடற காட்டுல பையனைக் கொண்டுபோய் விடறாங்களேன்னு பாதிப் பேச்சு அழுகை, சர்க்கார் சம்பளம்னு மீதிப் பேச்சு சிரிப்பு. சரி, வா, திண்ணையில உக்காரு. பெரிய உத்தியோகத்துக்குப் போற பேரனுக்குச் சீர் செய்ய அப்புச்சிகிட்ட ஒண்ணுமில்ல. புத்தி மட்டும்தான் இருப்புல கெடக்குது. அதுவும் ஓசி. வேண்டாம்னாலும் குடுப்பன்.

சத்தியமங்கலத்துல போட்டாங்கன்னா 1,408 சதுர கிலோமீட்டர் புலிகள் காப்பகத்துல ஒரு துண்டை உன்ற கையில குடுப்பாங்க. நீ இருக்கற வரைக்கும் அந்தத் துண்டுல எங்கயும் புகை கெளம்பக் கூடாது. கெளம்புச்சுன்னா செயற்கைக்கோள் மேல இருந்து பாத்து உங்க இலாகாவுக்குத் தகவல் தட்டிவிட்டிரும். நீ ஓடிப்போய்ப் பச்சைத் தழையில நாலு அடி அடிச்சு அணைச்சுப்போட்டு, மூஞ்சியில கரியோட ஒரு போட்டோ எடுத்துக்க. மூஞ்சி கழுவறதுக்கு முந்தியே எடுத்துரோணும். கழுவிட்டு எடுத்தா மேலிடத்துல நம்ப மாட்டாங்க.

அணைச்ச தீயிக்கு மெடல் உண்டு கண்ணு. வராமப் போன தீயிக்கு எவனும் மாலை போட்டு நான் பாத்ததில்ல. அதனால தீ வராம இருக்க என்ன செய்யலாம்னு யோசிச்சு மண்டையப் போட்டு ஒடைச்சுக்காத. எதையும் எரிக்காத, எரிக்க விடாத. எல்லாத்தையும் சேத்து வை. தபாலாபீசுல ஆர்.டி. கட்டறமே, அந்த மாதிரிதான். மாசாமாசம் மரம் கட்டிக்கிட்டே இருக்கும். கருமருது கட்டும், தேக்கு கட்டும், நமை கட்டும். காய்ஞ்ச புல்லு ஒரு பக்கம், பூத்துச் செத்த மூங்கில் ஒரு பக்கம். சருகுல பாதியைக் கரையான் தின்னு போடுமேன்னு கவலைப்படாத. அதை ஈடுகட்ட உண்ணிச்செடி வந்திருச்சு, அது கரையானுக்கெல்லாம் மசியாது. என்னைக்காவது ஒரு பங்குனி மத்தியானம் அத்தனையும் வட்டியோட முதிர்வாகும். அன்னைக்கு நீ அந்த ரேஞ்சுல இருக்க மாட்ட. மூணு வருசத்துல உனக்கு மாறுதல் வந்திரும். சருகுக்குத்தான் மாறுதல் உத்தரவு கெடையாது.

சிரிக்கற. சிரி, சிரி. உனக்கு முந்தி வந்தவங்களும் இப்படித்தான் சிரிச்சாங்க.

மாடு மேய்க்கக் காட்டுக்குள்ள பட்டி போட்டுக் கெடந்த காலத்துல நான் பாத்ததைச் சொல்றன். உன்ற பாடப் புஸ்தகத்துல இருக்குதான்னு அப்பறம் தேடிப் பாத்துக்க. அப்பெல்லாம் தை பொறந்தா அந்த மலையில இருக்கற பழங்குடிங்க, சோளகர், சருகுக்குத் தீ வெப்பாங்க. அக்கட்ட பிலிகிரி ரங்கன் மலையில அவுங்க பாசையில அதைத் தரகு பெங்கின்னுவாங்க, சருகுத் தீ. ஏதோ தீப்பெட்டி கெடைச்ச சந்தோசத்துல உரசிப் போடறதுன்னு நெனைக்காத. தொட்டியில, அதாவது சோளகர் ஊருல, கொத்தல்லிங்கற ஊர்ப் பெரியவரு வெளிய வந்து குனிஞ்சு ஒரு கை சருகை அள்ளுவாரு. கசக்குவாரு. மொறுமொறுன்னு தூளாப் போச்சுன்னா தலையாட்டிட்டுத் திரும்பி ஊட்டுக்குப் போயிருவாரு, நாள் கடந்திருச்சுன்னு அர்த்தம். கசக்கியும் ஒடையாம மடங்குச்சுன்னாலும் போயிருவாரு, இன்னும் ஆகலைன்னு அர்த்தம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு சத்தம் இருக்குது. அந்தச் சத்தம் கேட்டாத்தான் மடியில இருந்து தீப்பெட்டி வெளிய வரும். இந்த ஒரு கை சருகுக்கு உங்க இலாகாவுல ஏதோ ஈரப்பத மீட்டர் வாங்கறாங்களாமே, விலை என்ன கண்ணு?

வெடியால வெக்க மாட்டாங்க, பனி ஈரம். உச்சிப் பொழுதுல வெக்க மாட்டாங்க, வெய்யல் எச்சு. பொழுது எறங்கற நேரம்தான். ராத்திரிப் பனி எறங்குனா தீ தானா அவிஞ்சு போகும், காவலுக்கு ஆளு வேண்டாம், பேட்டா வேண்டாம். அதுவும் மேட்டுல வெச்சு, காத்துக்கு எதுத்தாப்புல, கீழ எறங்கற மாதிரி விடுவாங்க. தீ மேடேறுச்சுன்னா ஓடும். எறங்கறப்ப மெதுவாத்தான் வரும், கூடவே பேசிக்கிட்டு நடக்கலாம். முட்டிக்குக் கீழ நிக்கற தீ. இங்க எரியும், ஒரு பாறை வந்தா நிக்கும், ஈரமான பள்ளம் வந்தா சுத்திக்கிட்டுப் போகும். ஒரு துண்டு கருப்பு, ஒரு துண்டு அப்படியே. பாம்பும் உடும்பும் ஓடறதுக்கு நேரம் இருக்கும். தீயிக்கு முன்னால கரிச்சான் குருவிங்க வரிசையா வந்து உக்காந்து, பறந்து தப்பிக்கற வெட்டுக்கிளியப் புடிச்சுத் தின்னும். கல்யாணப் பந்தியில மொத வரிசைக்கு நம்ம சொந்தக்காரங்க கூட அத்தனை வெசையா உக்காந்து நான் பாத்ததில்ல.

பெரிய மரம் ஒண்ணும் ஆகாது. வேங்கைக்கும் கருமருதுக்கும் பட்டை கனம், அடியில கொஞ்சம் கரி புடிக்கும், அவ்வளவுதான். சருகு போய் மண்ணு தெரிஞ்சா கோடை மழைக்குப் புல்லு பச்சையா எந்திரிக்கும். மானு வரும், காட்டெருமை வரும். மாட்டு மேல ஏறற உண்ணி கொறையும். இன்னொண்ணு நெல்லி மரம். நெல்லிக்காய் பொறுக்கி வித்துத்தான் அந்த மலையில பாதிச் சனம் உப்புப் புளி வாங்குச்சு. அந்த மரத்து மேல புல்லுருவி வந்து ஒட்டிக்கும். மரத்துச் சத்தை உறிஞ்சிக்கிட்டு அது மட்டும் செழிப்பா நிக்கும். சருகுத் தீயோட வெக்கையில புல்லுருவி கருகிரும், தீயை நிறுத்துன பொறகுதான் அது பெருகிப்போச்சுன்னு சோளகர் இன்னைக்கும் சொல்லுவாங்க. ஆராய்ச்சிக்காரங்க வந்து அதைக் கேட்டு எழுதிட்டும் போயிருக்காங்க. எழுதுனது இங்கிலீசுல. நெல்லி மரத்துக்கு இங்கிலீசு தெரியாது, இன்னும் அப்படியேதான் நிக்குது.

எல்லாரும் வெக்கற தீ ஒண்ணுன்னு நெனைச்சுக்காத. எங்க மாடு மேய்க்கற கூட்டத்துலயே சில பேரு, புல்லு வரட்டும்னு பங்குனியில கொளுத்திப்போட்டுத் திரும்பிப் பாக்காம வந்திருவாங்க. கொம்பு தேடறவன் கொளுத்துவான், பீடி குடிச்சவன் கொளுத்துவான். பங்குனித் தீயும் தைத் தீயும் உங்க ரிஜிஸ்டருல ஒரே கட்டத்துலதான் ஏறும். ரெண்டுக்கும் பேரு காட்டுத் தீ. ரெண்டுக்கும் குத்தவாளி யாரு? அதுக்கும் ஒரே பேருதான். தொட்டியில இருக்கறவன்.

சட்டம் பழசுதான். 1882லயே சென்னை வனச் சட்டம் காப்புக் காட்டுல தீ வெக்கறதைக் குத்தம்னு எழுதிப்போட்டுச்சு. ஆனா அந்தக் காலத்துச் சட்டத்துக்கு முட்டி வலி, மலையேறாது. அப்பறம் 1972ல வனவுயிர்ச் சட்டம் வந்துச்சு, 1974ல பிலிகிரி ரங்கன் மலை சரணாலயம் ஆச்சு. இது சின்ன வயசுச் சட்டம், ஜீப்புல ஏறி மேலயே வந்திருச்சு. சோளகரை ஒரு எடத்துல உக்கார வெச்சாங்க, காட்டு வெவசாயம் நின்னுது, தீயும் நின்னுது. காடு காப்பாத்தப்பட்டிருச்சு.

காப்பாத்துன காட்டுக்குள்ள யாரு வந்தா தெரியுமா? உண்ணிச்செடி. தென்னமெரிக்காவுல இருந்து 1800-களோட தொடக்கத்துல வெள்ளைக்காரன் கல்கத்தாத் தோட்டத்துக்கு அழகுக்குன்னு கொண்டாந்த செடி. கலர் கலரா பூக்கும், கொண்டைக்குருவி பழத்தைத் தின்னுட்டு ஊரெல்லாம் போட்டுட்டு வரும். பிலிகிரி ரங்கன் மலையில 1997ல ஆராய்ச்சிக்காரங்க எடம் எடமா அளந்து பாத்தப்ப பாதிக்கும் கொறைஞ்ச எடத்துலதான் அது இருந்துச்சு. 2008ல அதே எடங்களை மறுக்கா பாத்தா ஏறத்தாழ ரெட்டிப்பு. நாடு முச்சூடும் ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டர் காட்டுல அது பரவிக் கெடக்குதுன்னு 2020ல ஒரு கணக்கு வந்துச்சு. நம்ம தமிழ்நாடே ஒன்னேகால் லட்சத்துச் சொச்சம்தான் கண்ணு. புலிக்கு ஒரு காப்பகம் வெச்சமே, அதுக்கு எச்சா ஒரு காப்பகத்தை அது சத்தமில்லாம வெச்சுக்கிச்சு. வேலியும் அதுவே போட்டுக்கிச்சு.

சின்னக் கன்னா இருக்கறப்ப தைத் தீயில அது பொசுங்கிரும்னு சோளகர் சொல்றாங்க. தீ நிக்கவும் கன்னு பொதராச்சு, பொதரு மரத்து மேல ஏறுச்சு. இப்பத் தீ புடிச்சா முட்டிக்குக் கீழ நிக்காது. உண்ணிப் பொதரைப் புடிச்சு ஏறிக் கொப்புக்குப் போயிரும். 2019 பிப்ரவரியில பந்திப்பூருல எரிஞ்சுச்சே, ஆயிரக்கணக்கான ஏக்கரு, அன்னைக்கு மைசூரு ரோட்டுல வந்த லாரிக்காரங்களைக் கேளு. தீயே ஆகாதுன்னு காத்து வெச்ச காட்டுல எரிஞ்ச தீ அது.

இதுல ஒரு கூத்து சொல்றன். தை மாசம் ஆச்சுன்னா உங்க இலாகாவே தீக்கோடு எரிக்கும். ரோட்டோரம், எல்லையோரம் அகலமாச் செதுக்கி, சருகைக் கூட்டி, தீ வெச்சுக் கருக்கி விடுவாங்க, கோடையில தீ தாண்டாம இருக்கோணும்னு. நல்ல காரியம்தான். அதை எரிக்கறதுக்கு ஆளு யாரு? தினக்கூலிக்கு அதே சோளகன், அதே இருளன். எந்நேரத்துல வெக்கறது, எந்தப் பக்கம் காத்துன்னு அவனைத்தான் கேப்பாங்க. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு தீக்குச்சி கிழிச்சா கூலி. நாலடி தள்ளி அந்தப் பக்கம் நின்னு கிழிச்சா கேசு. கையும் ஒண்ணு, குச்சியும் ஒண்ணு, தீயும் ஒண்ணு. நீ போய் அந்த நாலடியை ஒழுங்கா அளந்து கல்லு நட்டு வை கண்ணு, அதுல ஏமாந்தறாத.

வனவுரிமைச் சட்டம்னு 2006ல வந்துச்சு. 2011ல பிலிகிரி ரங்கன் மலைச் சோளகருக்குக் காட்டு மேல சமுதாய உரிமைன்னு பத்திரமே குடுத்தாங்க. தேனெடுக்கலாம், நெல்லி பொறுக்கலாம், சாமி கும்பிடலாம். நல்லது. அந்த வருசமேதான் அந்த எடம் புலிகள் காப்பகமும் ஆச்சு. தீப்பெட்டி மட்டும் இன்னும் இலாகா சட்டைப் பையிலதான் கெடக்குது.

நீ பரீட்சைக்குன்னு ராத்திரியில சத்தம் போட்டுப் படிச்சயே, நான் கட்டல்ல படுத்துக்கிட்டுக் கேட்டுட்டுத்தான் இருந்தன். நீ எழுதிட்டு மறந்திருப்ப. அமெரிக்காவுல 1910ல ரெண்டே நாள்ல 30 லட்சம் ஏக்கர் எரிஞ்சுது, அணைக்கப் போனவங்க 80 பேருக்குப் பக்கம் செத்தாங்க. பயந்துட்டாங்க. பயந்தவங்க என்ன செஞ்சாங்க? 1935ல ஒரு விதி போட்டாங்க: எங்க தீ தெரிஞ்சாலும் மறுநாள் காலையில 10 மணிக்குள்ள அடக்கியாகோணும். தீயிக்கே ஆபீசு நேரம்! 1944ல ஒரு கரடிக்குத் தொப்பி போட்டு, காட்டுத் தீயைத் தடுங்கன்னு போஸ்டர் ஒட்டுனாங்க. அந்தக் கலிபோர்னியாவுல 1850லயே பழங்குடிகள் புல்வெளிக்குத் தீ வெச்சாத் தண்டனைன்னு சட்டம் போட்டுட்டாங்க. யூரோக், கரூக்குன்னு அங்க இருக்கற சனங்க கூடை முடையறதுக்கே தீ வெக்கறவங்க. எரிச்ச செடியில இருந்து மறு வருசம் வர்ற நேரான குச்சிதான் கூடைக்கு ஆகும். தீயை நிறுத்தவும் குச்சி கோணிப்போச்சு. வானத்துக்கு வளந்து நிக்கற செக்கோயா மரத்துக்கு அடியில கன்னே காணோம், ஏன்னா அந்தக் காய் வெக்கைக்குத்தான் நல்லா வெடிக்கும், வெதை விழ வெறும் மண்ணு வேணும். கடைசியில 1968ல அந்தச் செக்கோயா நிக்கற பூங்காவுல சர்க்காரே தீ வெக்க ஆரம்பிச்சுது. இன்னைக்கு அதே யூரோக், கரூக்குச் சனங்களைக் கூப்புட்டு, எப்படி வெக்கறது சொல்லுங்கன்னு நோட்டுப் புஸ்தகத்தோட உக்காந்திருக்காங்க.

அவ்வளவு தூரம் எதுக்கு? பர்மாத் தேக்குக் காட்டுல வெள்ளைக்காரன் தீயைத் தடுத்துப் பாத்தான். தேக்குக் கன்னு வரல, மத்ததெல்லாம் வந்து மூடுச்சு. தீத்தடுப்பு அளவுக்கு மீறிப்போச்சுன்னு அவுங்க ஆபீசருங்களே 1890-கள்ல எழுதிச் சண்டை கட்டுனாங்க. நூத்திச் சொச்சம் வருசத்துக்கு முந்தி முடிஞ்சுபோன சண்டையில நாம இன்னும் தோத்த கட்சிப் பக்கம் நிக்கறம். விசுவாசம்னா அதுதான்.

ஆஸ்திரேலியாவுல வடக்கே ஆர்னம் லேண்டுன்னு ஒரு சீமை. அங்க இருக்கற பழங்குடிங்க வறட்சிக் காலம் தொடங்கறப்பவே அங்கங்க சின்னச் சின்னதா எரிச்சு விடுவாங்க, வறட்சியோட கடைசியில பெருசா எரியக் கூடாதுன்னு. சின்னத் தீயில புகை கொறைவு. அந்தக் கொறைஞ்ச புகைக்குக் கணக்குப் போட்டு 2006ல இருந்து ஒரு எரிவாயுக் கம்பெனி காசு குடுத்துச்சு. பாத்தயா? அங்க தீ வெச்சவனுக்குக் கம்பெனி செக்கு. இங்க நீதிமன்றத்துல இருந்து சம்மனு.

என்ன, முகம் மலருது? இந்தப் பேச்சு உனக்குப் புடிச்சிருச்சாட்ட இருக்குது. போனுல அப்படியொரு வீடியோ பாத்ததாச் சொன்னயே, பட்டணத்துப் புள்ளைங்க நாலு பேரு, பூர்வகுடி அறிவு, அக்கினி, இயற்கைன்னு மெழுகுவத்தி வெச்சுக்கிட்டு உருகுனாங்கன்னு. வேலைக்குச் சேந்த மறுநாளே ஒரு தீப்பெட்டியோட உள்ள போயிரலாம்னு தோணுதா? போ. ஆனா போறதுக்கு முந்தி உன்ற சாமானையெல்லாம் மூட்டை கட்டி வெச்சுட்டுப் போ, திரும்பி வந்து கட்ட நேரம் இருக்காது.

அமெரிக்காவுல நியூ மெக்சிகோன்னு ஒரு எடம். 2022 ஏப்ரல் மாசம் வன இலாகாவே, திட்டம் போட்டு, காயிதம் போட்டு, ஆளு நிறுத்தி ஒரு தீ வெச்சுது. காத்து மாறுச்சு, கை மீறிப் போச்சு. அதே இலாகா சனவரியில வெட்டுக் குப்பையைக் குமிச்சு எரிச்சிருந்துச்சு. அந்தக் கங்கு பனிக்கு அடியில மூணு மாசம் தூங்கிக் கெடந்து எந்திரிச்சு வந்துச்சு. ரெண்டும் சேந்து 3 லட்சத்து 40 ஆயிரம் ஏக்கர். அந்த மாநிலத்துல அவ்வளவு பெரிய தீயைப் பாத்தவங்களே இல்ல. தீத்தடுப்புக்கு வெச்ச தீ! சருகுக் காட்டைப் பல வருசம் மூடி வெச்சிட்டு ஒரு நாள் ஞானம் வந்து தொறந்தா இதுதான் ஆகும்.

நம்ம காடும் இப்ப அப்படித்தான் கெடக்குது. கொத்தல்லி வெச்ச தீயை இன்னைக்கு அதே எடத்துல வெச்சா அது அந்தத் தீயா இருக்காது. நடுவுல ஆளுயரத்துக்கு உண்ணிப் பொதரு நிக்குதே. மொதல்ல அதைப் புடுங்கோணும். மேலாப்புல வெட்டுனா நாலாத் துளுத்துக்கிட்டு வரும். வேர்க்கட்டைக்குக் கீழ வெட்டித் தலைகீழாத் தூக்கிப் போடோணும். மறு வருசம் கன்னு மொளைக்கும், அதையும் புடுங்கோணும். அதுக்கும் மறு வருசமும். புல்லு வந்து மூடுன பொறகுதான் தைத் தீயிக்கு அந்த எடம் லாயக்காகும். போனுல இந்தப் பகுதியை யாரும் காட்டறதில்ல. வேர்க்கட்டை புடுங்கறவன் முதுகு அழகா இருக்காதில்ல.

புடுங்குன செடியை என்ன செய்யறதுன்னு கேக்கற. மாதேசுவரன் மலையில சோளகர் நாற்காலி, சோபா செய்யறாங்க, பிரம்பு மாதிரியே இருக்கும். கூடலூர்ப் பக்கம் பழங்குடிங்க அதுலயே நெசமான உயரத்துக்கு ஆனை செஞ்சாங்க. 2021ல அப்படி நூறு ஆனை லண்டன் பூங்காவுக்குப் போய் நின்னுச்சு. வெள்ளைக்காரன் கப்பல்ல கொண்டாந்து எறக்குன செடியை, ஆனையாக் கட்டித் திருப்பி அனுப்பியாச்சு. எனக்கு அதுல ஒரு அலாதித் திருப்தி. செடி பூராவும் அப்படிப் போகாது, ஆனைக்கும் அவ்வளவு எடம் லண்டன்ல இல்ல.

இன்னொண்ணு, எல்லாக் காட்டுக்கும் தீ ஆகாது. எலையுதுர்ற காடு, புல்லுக்காடு, இதுங்களுக்குத் தீ பழக்கம். மேல மடிப்புல ஈரமா, இருட்டா ஒரு சோலை நிக்கும் பாரு, அதுக்குள்ள ஒரு பொறி போகக் கூடாது. சோலை மரத்துப் பட்டை மெல்லிசு. எரிஞ்சா உன்ற பேரன் காலத்துலயும் திரும்பி வராது. கொத்தல்லி தீ வெச்ச எடத்தை மட்டும் பாத்துக் கத்துக்கிட்டு வந்திராத. வெக்காம விட்ட எடத்தையும் கேட்டுக்க. அது பாதிப் பாடம், எவனும் எழுதி வெக்கல.

சரி, இப்ப நெசமான புத்திக்கு வர்றன். நீ தீ வெக்காம இருந்தா உன்னை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. எரிஞ்சா இயற்கைச் சீற்றம். நீ திட்டம் போட்டு வெச்சு, நூத்துல ஒண்ணு கை மீறுச்சுன்னா மெமோ, சஸ்பெண்டு, பத்திரிகையில உன்ற மூஞ்சி, இந்தத் தடவை கரி இல்லாம. அப்பறம் எவன் வெப்பான்? அந்தக் கலிபோர்னியாக்காரனே இதைப் புரிஞ்சுக்கிட்டு 2021ல ஒரு சட்டம் போட்டான். பயிற்சி எடுத்தவனோ, வழிவழியாத் தீ வெச்ச பழங்குடியோ, முறையா அனுமதி வாங்கி வெச்சான்னா, கை மீறுனாலும் அணைச்ச செலவை அவன் தலையில கட்டக் கூடாது, படு அலட்சியமா இருந்தாத்தான் கேக்கோணும்னு. அப்படி ஒரு காயிதம் உங்க இலாகாவுல வர்ற வரைக்கும் நீ எதையும் ஒத்தையாச் செய்யாத. மொத ஆறு மாசம் தொட்டிக்குப் போய் உக்காரு. வாய மூடிக்கிட்டு உக்காரு, அது உனக்குச் செரமம்னு தெரியும். எந்தப் பள்ளம் எப்ப எரிஞ்சுச்சு, எங்க சாமி மரம், எங்க தேன் பாறை, எங்க வெக்கவே கூடாது, எல்லாத்தையும் அவுங்க வாயால கேட்டு மேப்புல குறி. ஒரு சின்னத் துண்டு, உண்ணி புடுங்கி மூணு வருசம் ஆன எடமா பாரு. யோசனையை நீ சொன்ன மாதிரி எழுதாத, கிராம சபைத் தீர்மானமா எழுதி, கீழ உன்ற கையெழுத்தைப் போட்டு மேல அனுப்பு.

கோப்பு போகற வேகம் உனக்கே தெரியும். தைக்கு வேணும்னா போன ஆடியிலயே அனுப்பியிருக்கோணும். வந்திரும், ஒரு நாள் வந்திரும். வந்தா பங்குனியிலதான் வரும், அதுவும் மத்தியானத் தபால்ல. அனுமதி கெடைச்சிருச்சேங்கற சந்தோசத்துல அன்னைக்கே பத்த வெச்சயோ, மொதப் புகாரு நான்தான் குடுப்பன், சாட்சிக்குக் கொத்தல்லியைக் கூட்டிக்கிட்டு வருவன். காயிதத்தை மடிச்சுப் பீரோவுல வை. அடுத்த தைக்குன்னு மேல தேதி எழுதி, மறுபடி கையெழுத்து வாங்க அனுப்பு. ஆடியிலயே.